மெயினைத் தாண்டி ஓடியவர்

அண்ணா, ரோஸி எழுதுகிறேன். ஆனால் இது என் கடிதம் இல்லை, அம்மாவுடையது. படியில் வழுக்கி விழுந்து அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பது உனக்குத் தெரியும். தைக்கவும் முடியவில்லை, பேனா பிடிக்கவும் முடியவில்லை. அதனால் அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். அவள் சொல்வதில் எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல், எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டும் என் வேலை. முதல் வரியில் ‘அன்பும் அருமையும் நிறைந்த மகனுக்கு’ என்று போட்டேன். “அடிச்சிடு, அவன் சிரிப்பான்” என்றாள் அம்மா. அடித்துவிட்டேன். இனி வரும் ‘நான்’ அம்மா.

அமல், போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் நீ சென்னையிலிருந்து பேசினாய். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டான் என்றாய். சுவரோரம் இருக்கும் பிளக் பாயிண்டில் விரலை வைக்கப் போனான், ஷீலா கத்தினாள், நீ சோபாவைத் தாண்டிக் குதித்து அவனை வாரி எடுத்தாய். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, உன் முட்டியில்தான் அடி. அதைச் சொல்லிச் சிரித்தாய். “யோசிக்கவே இல்லம்மா, பாஞ்சிட்டேன். நான் அப்பா பிள்ளை” என்றாய். நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “உங்க வீட்டுல மெயின் சுவிட்சு எங்கப்பா இருக்குது?” “மெயினா? ஷூ ரேக்குக்குப் பின்னாடி எங்கயோ இருக்கும். அதெல்லாம் பாத்துக்க அசோசியேஷன்ல ஆள் இருக்காங்கம்மா” என்றாய். பிறகு ஞானஸ்நானத்துக்கு எந்த ஹால் பிடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாய். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். ஃபோனில் இதைச் சொல்ல முடியாது. பாதியிலேயே நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது. முழுவதும் படி. படித்த பிறகு ஷீலாவிடமும் கொடு.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவு. தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன் என்பது தெரியும். அங்கே புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர்தான் கரண்ட்டைப் பற்றிப் பாடம் நடத்துவார் என்பது தெரியுமா? யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய பாடத்தை அடுப்படி வாசலில் நின்று எனக்கு நடித்துக் காட்டுவார். பையன் குரலும் அவரே, வாத்தியார் குரலும் அவரே. “ஒருத்தன் கரண்ட்டுல மாட்டிக்கினான். நீ என்னா செய்வ?” “புடிச்சி இழுப்பேண்ணே.” “இழுத்தியா? ரெண்டு சவப்பொட்டி சொல்லணும். மாதா கோயில்ல ரெண்டு பேருக்கும் ஒரே பூசையா வச்சிடலாம், செலவு மிச்சம்.” எல்லாரும் சிரிப்பார்களாம். சிரிப்பு அடங்கியதும், “தொடாத. யாரா இருந்தாலும் தொடாத. மொதல்ல ஓடிப்போய் மெயினை எறக்கு” என்பாராம். ஒருநாள் ஒருத்தன் எழுந்து, “அண்ணே, மாட்டிக்கினது பொண்டாட்டியா இருந்தா?” என்று கேட்டிருக்கிறான். “மெயினை எறக்கு. அப்புறம் அவள எழுப்பலாமா வேணாமான்னு நிதானமா யோசி” என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடமே வந்து சொன்னார். கையில் இருந்த கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தேன்.

பாடம் பையன்களோடு நிற்கவில்லை. நான் ஏதாவது வதக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, “ஐயோ, கரண்ட்டு!” என்று கத்துவார். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஹாலைக் கடந்து ஓடி, மாடிப்படிக் கதவை ஒட்டி இருந்த மெயினை இறக்க வேண்டும். இறக்கினால் வீடே இருண்டுவிடும். நீ டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பாய். “அம்மா, இந்த அப்பாவைப் பாரும்மா, லாஸ்ட் ஓவர்!” என்று கத்துவாய். “லாஸ்ட் ஓவருலதாண்டா ஷாக் அடிக்கும்” என்பார் அவர். சில நாள் என் கண்ணைத் தன் கையால் பொத்தி, “இப்ப போ பாக்கலாம்” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். “ஒங்களுக்கு வேற வேலையே இல்லையாங்க?” என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் போவேன். வெங்காயம் கருகியதுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தேன்.

அப்போது நாம் இருந்தது முத்தியால்பேட்டையில் சொல்தா வீட்டு மாடியில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைத் தெருவே சொல்தா என்றுதான் கூப்பிடும். அந்த வீட்டின் அமைப்பை நீ ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பின்பக்கம் ஓர் அறையும் அடுப்படியும். நடுவில் ஹால். ஹாலின் முன்கோடியில் மாடிப்படிக் கதவு, அதை ஒட்டி மெயின், அதற்கு அடுத்து பால்கனி. பால்கனிக்கு இரும்புக் கம்பி. பின்னறையிலிருந்து பால்கனிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் மெயினைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

டிசம்பர் பிறந்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டுவார்கள், யாருடையது உயரம் என்று ஒரு போட்டி இருக்கும். ஸ்டாருக்கு ஒயர் இழுத்துக் கொடுப்பது உன் அப்பா. எல்லா வீட்டுக்கும் அவரே. ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டுப் போடாத முழு ஒயர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பார். நம் வீடு எப்போதும் கடைசி. அந்த வருஷமும் கடைசி. முழு ஒயர் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்த இரண்டு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, பால்கனிக் கம்பி மேலேயே இழுத்துக் கட்டினார். “இது நம்ம வீடுதான, நாளைக்கி மாத்திக்கலாம்” என்றார். நானும் சரி என்றேன். அந்த ஒட்டைப் போட்டது அவர்தான், அமல். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அவரைக் குறைத்துச் சொல்ல இப்போது சொல்லவில்லை. வெளியில் அவ்வளவு கவனமாக இருக்கிறவர்களும் சொந்த வீட்டுக்குள் வந்ததும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார்கள். நீ சென்னையில் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சாஃப்ட்வேர் சோதித்துத் தருகிறாய், உன் வீட்டு மெயின் ஷூ ரேக்குக்குப் பின்னால் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் தூறல். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ரோஸி கைக்குழந்தை. உன் அப்பா வேலையிலிருந்து வந்து பின்னறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ வெறுங்காலோடு பால்கனிக்குப் போனாய். “அப்பா, ஸ்டார் எரியலப்பா” என்றாய். “இரு, வரேன்” என்றார். நீ இருக்கவில்லை. பிள்ளைகள் இருப்பதில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி ஒயரை ஆட்டினாய். நீ கத்தவில்லை. ஒரு சத்தம் வந்தது. இங்கே ரோஸி ‘நெஞ்சை உலுக்கும் பயங்கரமான சத்தம்’ என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். “பயங்கரம்னு நான் சொன்னனா?” என்று கேட்டேன். “இல்ல.” “அப்ப எழுதாத. சத்தம்னு மட்டும் போடு.” சத்தம் வந்தது. உன் அப்பா பின்னறையிலிருந்து ஓடினார். அவர் ஓடியதை நான் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். மெயின் அவர் தோள் உயரத்தில் இருந்தது. கையை நீட்டக்கூட வேண்டாம், போகிற போக்கில் இறக்கியிருக்கலாம். தோள் அதில் உரசியிருக்கும் என்றே நினைக்கிறேன். அதைத் தாண்டி ஓடி உன்னை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். பிடித்ததும் அவரும் மாட்டிக்கொண்டார்.

எத்தனையோ பையன்களை நிற்க வைத்துத் தொடாதே, தொடாதே என்று சொன்ன மனுஷன். அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் நின்றுவிட்டது, அவர் ஓடிவிட்டார். இத்தனை வருஷமும் அதை நினைத்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்த நேரத்தில் பெற்றவர்களுக்குப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றுவதில்லை. பிள்ளை இருக்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. காப்பாற்றுவது அதற்குப் பிறகு வரும் யோசனை. அவருக்கு அந்தப் பிறகு கிடைக்கவில்லை.

நான் மெயினுக்குப் போனேன். போய் இறக்கினேன். நீங்கள் இரண்டு பேரும் விழுந்தீர்கள். அவர் கீழே, நீ அவர் மேலே. நான் இறக்கிய பிறகுதான் உன் கை கம்பியை விட்டது. வெளிச்சம் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் தூக்கினேன். மூச்சு இருந்தது. அவருக்கு இல்லை. சொல்தாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடி வந்து இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவுடனேயே கையை விரித்துவிட்டார்கள்.

இதில் உனக்கு வேறு விதமாகத் தெரிந்த விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நீ கண் விழித்து “அப்பா எங்க?” என்று கேட்டபோது உன் மதலேன் அத்தை சொன்னது. உன் அப்பாவின் அக்காவுக்கு அன்றைக்குத் தம்பி போன துக்கம். கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, “மொன் தியே, கடவுளே! என் தம்பி ஒன்ன இழுத்து வெளிய போட்டுட்டுப் போயிட்டாண்டா” என்று அழுதார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் டம்ளரில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் உன்னை இழுத்துப் போடவில்லை. இழுக்க அவரால் முடியவில்லை. ஆனால் நீ அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், அழவில்லை. இந்தப் பிள்ளைக்கு இப்போது இது போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு அது உன்னுடையதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். பரிசை வாங்கிக்கொண்டு வந்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்த பிள்ளையிடம் போய் நான் என்ன சொல்வேன்?

இன்னொன்று என்னைப் பற்றியது. சாவுக்கு வந்த சனமெல்லாம், “புருஷனும் பிள்ளையும் துடிக்கும்போது இவ எப்படி சுவிட்சுக்கிட்ட போனா?” என்று பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். அதை அடக்கியதும் மதலேன் அத்தைதான். “இடுப்புல கைக்குழந்தையோட அவ எப்படிப் புடிப்பா?” என்று எல்லாரிடமும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றைக்கும் நம் குடும்பத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். இடுப்பில் ரோஸி இருந்ததால் நான் பிடிக்கவில்லை என்று. அது பொய். ரோஸி பின்னறையில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கை இரண்டும் காலியாகத்தான் இருந்தன.

இந்த இடத்தில் ரோஸி எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப நான் காரணம் இல்லையா?” என்றாள். “எதுக்கு?” “நீ அண்ணனப் புடிக்காம போனதுக்கு. அப்பாவப் புடிக்காததுக்கு.” “யாரு சொன்னா ஒனக்கு?” “எல்லாரும்தான் சொல்றாங்க. நான் சின்னதா இருக்கும்போதுலேர்ந்து சொல்றாங்க. என்னாலதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” அவள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள், அமல். லைப்ரரியில் இருக்கும் புத்தகத்தையெல்லாம் படிக்கிறாள். இதை இத்தனை வருஷமும் மனதுக்குள் வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. “நீ தூங்கிக்கினு இருந்த. அழக்கூட இல்ல. வேற ஒன்னும் கிடையாது. எழுது” என்றேன். பேனா மூடியைக் கழற்றி எழுதினாள். உனக்காக ஆரம்பித்த கடிதம் அவளுக்கும் ஆகிவிட்டது, இருக்கட்டும்.

உனக்குச் சென்னையில் வேலை கிடைத்து நீ போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் நமக்குள் சண்டை வந்தது. எதற்கு என்று மறந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “அப்பா யோசிக்கலம்மா. நீ யோசிச்ச” என்றாய். நான் “சாதம் ஆறுது, சாப்பிடு” என்றேன். நீ சாப்பிட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் ஓடியிருப்பேன். யோசிக்க நேரம் இருந்திருந்தால் எந்தத் தாய்தான் சுவிட்சுக்குப் போவாள்? கால் போய்விட்டது. கரண்ட்டு என்றால் அந்த மூலைக்குப் போக வேண்டும் என்று அதைப் பழக்கி வைத்திருந்தார்கள். பழக்கியவர் யார் என்று உனக்கே தெரியும். உன் மேல் பாசம் குறைந்ததால் நான் சுவிட்சுக்குப் போகவில்லை, புத்தி அதிகம் என்பதாலும் போகவில்லை. இரண்டையும் ஊரில் சொன்னார்கள். முதலாவது சொன்னவர்களைவிட இரண்டாவது சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. கெட்டிக்காரி என்றால் என்ன அர்த்தம், துடிக்கத் தெரியாதவள் என்றா?

அவரை இழுத்துப் போட்டவராகவே நினைத்துக்கொள்ள உனக்கு விருப்பம் என்றால் நான் அதைப் பிடுங்க வர மாட்டேன். ஆனால் அதை உன் பிள்ளைக்கு முன்னால் செய்து காட்டாதே. ‘நான் அப்பா பிள்ளை, பாய்ந்துவிடுவேன்’ என்று நீ சிரித்தாயே, அதற்கு நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய். நீ பாய்ந்தது சரியாகப் போனது, ஏனென்றால் அவன் விரல் உள்ளே போகவில்லை. போயிருந்தால், நீ அவனைத் தூக்கிய கையோடு மாட்டிக்கொண்டு நின்றிருப்பாய், ஷீலா உன்னைப் பிடித்திருப்பாள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். மெயினைத் தாண்டி ஓடிய அந்த மனுஷனை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர் ஓடியதில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அது உன்னிடமும் இருக்கிறது, நல்லது, இருக்கட்டும். அது எங்கேயும் போகாது. ஆனால் கால் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். நான் உன்னிடம் கேட்பது இதுதான். ஷூ ரேக்கை நகர்த்து. மெயின் எது என்று நீயும் பார், ஷீலாவுக்கும் காட்டு. வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் காட்டு. கையால் இறக்கிப் பார்த்துப் பழகு. ஞானஸ்நானத்துக்கு ஹால் எது என்று அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு, உன் அம்மா.

அண்ணா, இனி எழுதுவது ரோஸி. தபாலில் போட்டால் நாளாகும் என்று, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து உடனே அனுப்பச் சொன்னாள் அம்மா. காலையிலேயே அனுப்பிவிட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று ஃபோன் காட்டியது. மத்தியானம் வரை பதில் இல்லை. அம்மா சாப்பிடும்போது ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள், இடது கையால் சாதத்தை அள்ளிப் பாதியைக் கீழே சிந்தினாள். “கோவிச்சிக்கினானோ?” என்று ஒரு முறை கேட்டாள். தெரியவில்லை என்றேன். நான்தான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனோ என்று எல்லாப் பக்கத்தையும் மறுபடி படித்துப் பார்த்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது.

சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். உன் கண் சிவந்திருந்தது. அதை அம்மாவும் பார்த்தாள். ஃபோனைத் திருப்பிக் காட்டினாய். ஷூ ரேக் ஹாலின் நடுவில் கிடந்தது, செருப்பெல்லாம் சிதறிக் கிடந்தன. ஷீலா அண்ணி குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். “பாருங்கத்த, கால் வைக்க எடம்கூட இல்லாம வீட்டையே கலைச்சிப் போட்டுட்டாரு” என்றார். நீ சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, “இதுல எதும்மா? ஆறேழு இருக்கு” என்றாய். “ஓரத்துல ஒன்னு பெருசா இருக்கும் பாரு” என்றாள் அம்மா. நீ விரலை அதன் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாய். பிறகு, “அம்மா, நெஜமா அப்பா தோள் உயரத்துலதான் இருந்துச்சா?” என்று கேட்டாய். “ஆமாம்பா” என்றாள் அம்மா. குட்டி ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் டக் என்று கேட்டது. திரை கறுத்துவிட்டது, இருட்டுக்குள்ளிருந்து குட்டி சிரித்தான்.

அம்மா கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே, “இதையும் எழுதிடு” என்றாள். எழுதுகிறேன். நீ மெயினை இறக்கினாய், உன் வீட்டில் விளக்கெல்லாம் அணைந்தன.